பேத்தியின் வினைச்சொற்கள்

அறுபத்து நான்கு வயதில் ஒருவர் ஸ்பானிய மொழி கற்கிறார் என்றால், காரணம் கேட்காமல் நம் ஊரில் யாரும் விடமாட்டார்கள். ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் படிகளில் செருப்பைத் தேடும்போது யாரேனும் ஒருவர் கேட்டுவிடுகிறார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழாசிரியராக இருந்தவர் பேத்திக்குத் தமிழ் கற்றுக்கொடுக்கலாமே, அவள் மொழியைத் தாம் போய்க் கற்பானேன் என்று அன்போடு குறைசொல்வோரும் உண்டு. தமிழையும் கற்றுக்கொடுக்கிறேன். அதற்கு ஆண்டுகள் ஆகும். பேத்தியோ இன்றே பேசிக்கொண்டிருக்கிறாள்.

என் மகளின் குடும்பம் ஸ்பெயினின் வடகிழக்கே சரகோசா நகரில் ஒன்பது ஆண்டுகளாக வாழ்கிறது. மருமகன் காற்றாலைப் பொறியாளர். பேத்திக்கு வயது ஏழு; அங்கேயே பிறந்தவள். தமிழ் கேட்டால் புரிந்துகொள்வாள். மறுமொழி மட்டும் ஸ்பானியத்தில் வரும். என் மனைவி உயிரோடிருந்த காலத்தில் இது ஒரு தடையாகவே இருந்ததில்லை. ஒரு சொல்லும் அறியாமல், பாட்டாலும் கைச்சாடையாலும் அரைமணி நேரம் கைப்பேசியில் அவளோடு கழிப்பாள். அவள் மௌத்தாகி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அதன்பின் அழைப்புகள் என் பங்குக்கு வந்தன. எனக்குப் பாடவும் வராது. பேத்தி ஏதோ நீளமாகச் சொல்வாள். மகள் அடுக்களையிலிருந்து எட்டிப்பார்த்து, “பள்ளிக்கூடத்தில் நடந்ததைச் சொல்கிறாள், வாப்பா” என்று ஒற்றை வரியில் முடித்துவிடுவாள். அந்த நீளத்துக்கும் இந்த ஒற்றை வரிக்கும் இடையில் என் பேத்தி இருக்கிறாள் என்று தோன்றிய நாளில் கற்கத் தொடங்கினேன்.

ஒலிப்பு எனக்குத் துன்பம் தரவில்லை. இதை நம் வாசகர்கள் அறிந்துகொள்வது நல்லது. ஸ்பானியத்தின் ‘த’ நம் தமிழின் ‘த’வே, ஆங்கிலத்தின் ‘ட’ அன்று. இக்கட்டுரையில் ‘ஹ’ என்று நான் எழுதும் ஒலி, ‘கலீஃபா’ என்னும் சொல்லின் முதலெழுத்தை அரபியில் ஓதுவோமே, அதற்கு அருகில் நிற்பது. ஸ்பெயின் நாட்டவர் ‘ஸ’ போன்ற ஓர் எழுத்தை நாவை முன்பற்களுக்கிடையே வைத்து ஒலிப்பர். ‘ஸவாப்’ என்பதை முறையாக ஓதத் தெரிந்தவருக்கு அதுவும் எளிது. சிறுவயதில் தஜ்வீதுக்காக உஸ்தாதிடம் வாங்கிய குட்டு இத்தனை ஆண்டுகள் கழித்து இப்படிப் பயன்பட்டது.

பெயர்ச்சொற்களும் அவ்வளவு அந்நியமாக இல்லை. எண்ணெய்க்கு ‘அஸெய்தே’, அது அரபியின் ‘அஸ்ஸைத்’. சர்க்கரைக்கு ‘அஸூகர்’, அது ‘அஸ்ஸுக்கர்’. தலையணைக்கு ‘அல்மொஆதா’, அதனுள் ‘மிகத்தா’ இருக்கிறது. நூற்றாண்டுகள் நீண்ட அந்தலுஸின் ஆட்சி, அடுக்களையிலும் படுக்கையறையிலும் தோட்டத்திலும் சொற்களை விட்டுச் சென்றிருக்கிறது. ஆனால் அப்படி வந்தவற்றில் மிகப் பல பெயர்ச்சொற்கள். வினைச்சொற்கள் பெரும்பாலும் இலத்தீனின் பிள்ளைகள். தொல்லையும் அங்குதான் தொடங்குகிறது.

அகராதியைத் திறந்தால் ஒரு சிறு வினைச்சொல்லின் கீழ்ப் பத்து, பதினைந்து, இருபது என்று எண்ணிட்ட பொருள்கள் வரிசையாக நிற்கின்றன. எறி, ஊற்று, விரட்டு, பூட்டு, கணக்கிடு என்று ஒன்றுக்கொன்று உறவில்லாதவை எல்லாம் ஒரே சொல்லின் கீழ். கற்போர் பலர் மனம் தளர்வது இங்குதான் என்று பாடநூல்களே எச்சரிக்கின்றன. எனக்கு இது புதுமையாகத் தோன்றவில்லை. பலபொருள் ஒருசொல் என்று நம் இலக்கணம் இதற்குப் பெயரிட்டு வைத்திருக்கிறது. திண்ணைப் பள்ளிக் காலத்தில் மாணவர் மனனம் செய்த சூடாமணி நிகண்டின் பதினோராம் தொகுதி முழுவதும் ஒரு சொல் பல்பொருளுக்கே ஒதுக்கப்பட்டது.

அரபி மதரஸாவில் ஓதியவர்களுக்கு ‘ளரப’ என்னும் வினை நினைவிருக்கும். ஸைத் என்பவர் அம்ர் என்பவரை அடித்தார் என்னும் எடுத்துக்காட்டு வாக்கியத்தைச் சொல்லிச் சொல்லியே தலைமுறை தலைமுறையாக மாணவர்கள் எழுவாயையும் செயப்படுபொருளையும் கற்றிருக்கிறார்கள். (அம்ர் அப்படி என்ன செய்தார் என்று இதுவரை எந்த உஸ்தாதும் சொன்னதில்லை.) அந்த ‘ளரப’ அடித்தலை மட்டும் குறிப்பதன்று. உவமை கூறுவதும் அதுவே. பூமியில் பயணம் புறப்படுவதும் அதுவே. கணக்கில் பெருக்குவதும் அதுவே. குர்ஆனில் ஒரே சொல் இடத்துக்கிடம் கொள்ளும் பொருள்களைத் தொகுப்பதற்கென்றே ‘அல்வுஜூஹ் வன்னளாயிர்’ என்னும் துறை வளர்ந்தது. ஹிஜ்ரி 150இல் மறைந்த முகாத்தில் இப்னு சுலைமான் அத்துறையில் நூல் செய்த முன்னோடிகளில் ஒருவர். சொல் ஒன்று, முகம் பல என்பது அத்துறைப் பெயரிலேயே இருக்கிறது. ‘வுஜூஹ்’ என்றால் முகங்கள்.

ஆகவே அகராதியின் எண்களை நான் மனனம் செய்யவில்லை. அந்த எண்களை இட்டது ஸ்பானியம் அன்று, ஆங்கிலம். ஆங்கிலத்தில் பதினைந்து சொற்கள் வேண்டியிருப்பதால் பதினைந்து எண்கள். ஸ்பானியம் பேசும் குழந்தைக்கு அது ஒரே வினை. தமிழில் அதே அகலத்தில் ஒரு வினை இருக்கிறதா என்று தேடலானேன். பல இடங்களில் இருந்தது.

முதலில் கிடைத்தது ‘எச்சார்’. இலத்தீனில் எறிதல் என்னும் பொருளுடைய வினையிலிருந்து வந்தது. குழம்பில் உப்பு எச்சார்; கடிதத்தை அஞ்சல் பெட்டியில் எச்சார்; வண்டிக்குப் பெட்ரோல் எச்சார்; கதவுக்குப் பூட்டு எச்சார்; கணக்கு எச்சார்; பிறர்மீது பழி எச்சார்; மதியம் ஒரு தூக்கம் எச்சார். ஒவ்வொன்றுக்கும் ஆங்கிலம் வேறு வேறு வினையைத் தேடி ஓடும். நாமோ உப்புப் போடுகிறோம், தபாலில் போடுகிறோம், பெட்ரோல் போடுகிறோம், பூட்டுப் போடுகிறோம், கணக்குப் போடுகிறோம், பழி போடுகிறோம், ஒரு தூக்கமும் போடுகிறோம். இந்தப் பட்டியலை எழுதி முடித்த இரவு, இரண்டு மொழிகளும் ஒன்றையொன்று பாராமலே ஒரே வழியில் நடந்து வந்திருக்கின்றனவே என்று வியந்து வெகுநேரம் விழித்திருந்தேன். இலத்தீனுக்கும் தமிழுக்கும் இதில் உறவு ஏதுமில்லை. கையிலிருப்பதை ஓரிடத்தில் சேர்க்கும் அசைவு மனிதர் எல்லோருக்கும் பொது, அவ்வளவே.

அடுத்தது ‘தெஹார்’. தளர்த்துதல் என்னும் இலத்தீன் வேர். குடையை வீட்டில் விட்டுவிட்டு வந்தேன் என்பதற்கும், குழந்தையைப் பள்ளியில் விட்டேன் என்பதற்கும், அவனைப் போக விடு என்பதற்கும், புகைப்பதை விட்டுவிட்டார் என்பதற்கும், என்னைத் தொந்தரவு செய்யாதே, விடு என்பதற்கும் இந்த ஒரே வினை. நம் ‘விடு’ இவை அனைத்தையும் செய்கிறது. “வராமல் விட்டுவிடாதீர்கள்” என்று கல்யாண வீட்டார் நம்மிடம் சொல்வதுபோல அங்கும் இதே வினையை எதிர்மறையில் வைத்து விருந்தினரை அழைக்கிறார்கள். ஓரிடத்தில் மட்டும் இணை பிரிகிறது. பேத்தி தன் தோழியிடம் பென்சில் இரவல் கேட்கும்போதும் ‘தெஹார்’ என்றே கேட்கிறாள். தமிழில் பென்சிலை விடச் சொல்லி இரவல் கேட்க முடியாது. எனினும் கொஞ்ச நேரம் உன் பிடியிலிருந்து விடு என்று கேட்பதாக வைத்துக்கொண்டால் அதுவும் மனத்தில் பதிந்துவிடுகிறது.

‘குஸ்தார்’ என்னும் வினையைப் பாடநூல்கள் பக்கம் பக்கமாக விளக்குகின்றன. “நான் இதை விரும்புகிறேன்” என்று சொல்லக்கூடாதாம். விரும்பப்படும் பொருள் எழுவாயாகி, விரும்புகிறவர் நான்காம் வேற்றுமையில் நிற்கவேண்டுமாம். “மே குஸ்தா” என்றால் “எனக்குப் பிடிக்கும்”. இதில் தமிழருக்கு விளக்க என்ன இருக்கிறது? எனக்கு மாம்பழம் பிடிக்கும் என்று சொல்லும் மூன்று வயதுக் குழந்தை இந்தப் பாடத்தைக் கடந்துவிட்டது. தமிழ்ப் பிள்ளைகள் ஆங்கில நூல்வழியே ஸ்பானியம் கற்கும்போது, தமக்குத் தெரிந்ததைத் தெரியாதது என்று நம்பவைக்கப்படுகிறார்கள். ஆசிரியனாக இருந்தவன் என்ற முறையில் இதுபற்றி எனக்கு உண்மையாகவே வருத்தம் உண்டு.

எல்லாம் இப்படி எளிதாக அமைந்துவிடவில்லை. ‘யெவார்’ என்னும் வினை மனிதரையும் கொண்டுசெல்கிறது, பொருளையும் கொண்டுசெல்கிறது. நாம் ஒருவரைக் கூட்டிச் செல்கிறோம், மற்றதை எடுத்துச் செல்கிறோம். அதே வினை கண்ணாடி அணிந்திருப்பதையும், ஓரூரில் மூன்றாண்டு கழித்திருப்பதையும் குறிக்கிறது. உடலோடு சுமந்து வருவதெல்லாம் ‘யெவார்’ என்று பிடித்துக்கொண்டேன். ஆண்டுகளும் ஒருவகைச் சுமைதானே. ‘தொக்கார்’ தொடுவது, கதவு தட்டுவது, இசைக்கருவி மீட்டுவது, அவரவர் முறை வருவது. விளையாட்டில் பேத்தி அடிக்கடி கத்துவது இந்தக் கடைசிப் பொருளில். ‘கெதார்’ எஞ்சியிருப்பது, பொருத்தமாக இருப்பது, இத்தனை மணிக்குச் சந்திப்போம் என்று பேசிவைத்துக்கொள்வது. ‘சபேர்’ அறிவது, சுவையாக இருப்பது. இனித்தல், கசத்தல், புளித்தல், கரித்தல் என்று சுவைக்குச் சுவை தனி வினை வைத்திருக்கும் தமிழன், இந்தச் சூப் ஒன்றுமில்லாததுபோல் ‘அறிகிறது’ என்னும் வாக்கியத்தின் முன் சற்றுத் தயங்கத்தான் வேண்டியிருக்கிறது.

‘எஸ்பெரார்’ இன்னும் சற்று ஆழம். காத்திருத்தல், எதிர்பார்த்தல், நம்பிக்கை வைத்தல் மூன்றும் அதில் அடங்கும். நமக்கு இவை மூன்று வேறு செயல்கள். பேருந்துக்குக் காத்திருக்கிறேன், அது வரும் என்று எதிர்பார்க்கிறேன், இருக்கை கிடைக்கும் என்று நம்புகிறேன். ஸ்பானியத்தில் மூன்றும் ஒரே வினையாதலால் கேட்பவர் உடனிருக்கும் சொல்லைப் பார்த்தே பொருள் பிரிக்கவேண்டும். “எஸ்பெரோ கே வெங்கா” என்றால் அவர் வருவார் என்று நம்பிக்கை கொண்டிருக்கிறேன். நடுவில் ‘ஆ’ என்னும் ஒற்றை எழுத்து இடைச்சொல்லைச் சேர்த்து “எஸ்பெரோ ஆ கே வெங்கா” என்றால் அவர் வரும்வரை காத்திருக்கிறேன். சென்ற ஆண்டு நான் விசாவுக்கு விண்ணப்பித்திருந்தபோது பேத்தி கைப்பேசியில் “தே எஸ்பெரோ” என்றாள். உங்களுக்காகக் காத்திருக்கிறேன் என்பதே இலக்கணப்படி அதன் பொருள். மற்ற இரண்டு பொருள்களும் அந்தச் சொல்லைவிட்டு விலகி நின்றனவா என்று என்னைக் கேட்டால், இல்லை என்பேன்.

இனி ‘கெரேர்’. இந்த ஒரு வினைக்காகவே நான் ஸ்பானியம் கற்றிருக்கலாம். “கியேரோ அகுவா” என்றால் தண்ணீர் வேண்டும். “தே கியேரோ” என்றால் உங்கள்மீது அன்பு கொண்டிருக்கிறேன். ஒரே நாளில், ஒரே வாயால், தண்ணீருக்கும் நன்னாவுக்கும் ஒரே வினை. அன்பைக் குறிக்க ‘அமார்’ என்று வேறொரு வினை இருக்கிறது. ஆனால் அது கனமானது, பெரும்பாலும் கணவன் மனைவிக்கிடையே வழங்குவது. பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும், பாட்டன் பாட்டிக்கும் பேரர்களுக்கும் ‘கெரேர்’தான்.

இதன் இலத்தீன் மூலம் ‘க்வேரெரே’. அதன் பொருள் விரும்புதல் அன்று, தேடுதல். தேடுவதை விரும்பி, விரும்புவதை நேசித்து, அந்தச் சொல் இரண்டாயிரம் ஆண்டுகள் நடந்து வந்திருக்கிறது. இதைப் படித்ததும் என் நினைவுக்கு வந்தது தமிழின் ‘நாடு’. நிழலை நாடிச் செல்கிறோம். பிறர் நலம் நாடுகிறோம். அல்லாஹ் நாடினால் நடக்கும் என்கிறோம். தேடிச் செல்வதும் விரும்புவதும் இறைவனின் நாட்டமும் ஒரே வினையில். தமிழ் முஸ்லிம்கள் ‘இன்ஷா அல்லாஹ்’ என்பதற்குத் தமிழில் ‘அல்லாஹ் நாடினால்’ என்று வழங்கியபோது, விரும்பினால் என்றோ வேண்டினால் என்றோ வைக்காமல் ‘நாடினால்’ என்று வைத்தார்களே, அவர்களுக்கு நல்ல செவி இருந்திருக்கிறது.

ஸ்பானியரும் அப்படியே சொல்கிறார்கள். தொண்ணூறு நாள் விசாவில் நான் சரகோசாவில் தங்கியிருந்தபோது, மகளின் கீழ்வீட்டில் வசிக்கும் கத்தோலிக்க மூதாட்டி ஒவ்வொரு மாலையும் மாடிப்படியில் விடைபெறும்போது சொல்லும் வாக்கியம் இது: “ஆஸ்தா மன்யானா, சி தியோஸ் கியெரே.” நாளைவரை, இறைவன் நாடினால். ‘சி தியோஸ் கியெரே’ முழுக்க இலத்தீன் வழி வந்தது. ‘ஆஸ்தா’ மட்டும் அரபியின் ‘ஹத்தா’. அம்மூதாட்டி இதை அறிவாரோ இல்லையோ, நான் ‘இன்ஷா அல்லாஹ்’ என்று மறுமொழி சொல்வதைக் கேட்டுப் புன்னகைப்பார்.

‘இன்ஷா அல்லாஹ்’வுக்கு நெருங்கிய உறவாக அங்கே ‘ஓஹலா’ என்னும் சொல்லும் இருக்கிறது. அந்தலுஸின் அரபியில் ‘லவ் ஷாஅல்லாஹ்’ என்று வழங்கியதிலிருந்து அது வந்தது என்று ஸ்பானிய அகாடமியின் அகராதி காட்டுகிறது. நம்மவர் பலர் இதைக் கேட்டவுடன் ஸ்பானியர் இன்றும் இன்ஷா அல்லாஹ் சொல்கிறார்கள் என்று மகிழ்ந்து பகிர்ந்துகொள்வதைப் பார்த்திருக்கிறேன். மகிழலாம், ஆனால் முழுதும் அப்படியன்று. இன்று ‘ஓஹலா’ என்பது வாக்களிக்கும்போது சொல்வதன்று, ஏக்கத்தின்போது சொல்வது. மழை பெய்யாதா, அவர் வரமாட்டாரா என்னும் தொனி. இறைவனின் பெயர் அதனுள் இருப்பதைச் சொல்பவர் பெரும்பாலும் நினைப்பதில்லை. வாக்குறுதியோடு வரும் இன்ஷா அல்லாஹ்வுக்கு நேரான இடத்தில் நிற்பது மூதாட்டியின் ‘கியெரே’தான்.

சரகோசா மாகாணத்தில் அல்மொனாஸித் தே லா சியெர்ரா என்றொரு சிற்றூர் இருக்கிறது. 1884இல் அங்கே ஒரு பழைய வீட்டை இடித்தபோது, பொய்த்தளம் ஒன்றின் அடியில் மறைத்து வைக்கப்பட்ட கையெழுத்துப் பிரதிகள் வெளிப்பட்டன. எழுத்து அரபி, மொழி பலவற்றில் ஸ்பானியம். கட்டாயமாக மதம் மாற்றப்பட்டு, 1609 முதல் 1614க்குள் நாட்டைவிட்டே வெளியேற்றப்பட்ட மொரிஸ்கோ முஸ்லிம்கள் விட்டுச்சென்றவை அவை. அவ்வெழுத்து முறைக்கு ‘அல்ஹமியாதோ’ என்று பெயர். அரபு எழுத்தில் தமிழ் எழுதி மார்க்க நூல்களைக் காத்த அரபுத்தமிழ் மரபின் வழிவந்த நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. என் உம்மாவின் உம்மா தமிழ் எழுத்து அறியாதவர். ஆனால் அரபுத்தமிழில் கடிதம் எழுதுவார்.

அம்மக்களின் வினைச்சொற்களைப் பாருங்கள். படைத்தல் என்பதற்கு ஸ்பானியத்தில் தக்க சொல் இருந்தும், இறைவன் படைத்ததைச் சொல்ல அவர்களுக்கு அது போதவில்லை போலும். அரபியின் ‘கலக’வை எடுத்து ஸ்பானிய விகுதி சேர்த்து ‘ஹலெக்கார்’ என்று புதிய வினையே செய்துகொண்டார்கள். நம் முன்னோர் வேறு வழியில் சென்றார்கள். ‘தொழு’ என்னும் பழந்தமிழ் வினை கைகூப்பி வணங்குதலைக் குறித்தது. அதையே எடுத்து ஐவேளைக் கடமைக்கு வைத்தார்கள். பொதுவாகப் படித்தலைக் குறித்த ‘ஓது’ குர்ஆனுக்கு வந்தது. ‘மௌத்தாகிவிட்டார்’ என்பதில் மட்டும் மொரிஸ்கோக்களின் வழி தெரிகிறது. பெயர் அரபி, வினை தமிழ். ஒரு வினைக்குப் புதிய பொருள் எப்போது சேர்கிறது என்று கேட்டால், இப்படித்தான் சேர்கிறது. அச்சொல்லோடு வாழ்ந்தவர்களின் தேவையால்.

ரமளானில் இன்னொன்று கிடைத்தது. ஸ்பானியத்தில் நோன்பு ‘ஆயுனோ’. காலைச் சிற்றுண்டி உண்பதற்கு வினை ‘தெஸாயுனார்’. நோன்பை நீக்குதல் என்பதே அதன் உறுப்புகள் தரும் பொருள். இரவெல்லாம் வெறும் வயிற்றோடு இருந்ததை முடிக்கும் உணவு என்று கொண்டார்கள். மஃரிபுக்குப் பேரீச்சம்பழம் எடுத்த மகளிடம் பேத்தி கேட்டாள்: உம்மா, இப்போது நீங்கள் செய்வதுதானே உண்மையான தெஸாயுனார்? ஸ்பானிய முஸ்லிம்கள் நோன்பை ‘முறித்தல்’ என்றே வழக்கமாகச் சொல்கிறார்கள். நாம் நோன்பு ‘திறக்கிறோம்’. முறிப்பதைவிடத் திறப்பது நல்ல வினை என்று அவளிடம் சொன்னேன். கதவு திறப்பது போலவா என்றாள். ஆம் என்றேன்.

எழுதத் தயங்கிய பகுதிக்கு வருகிறேன். என் மனைவி நோயுற்றிருந்தது மகளுக்குத் தெரிந்திருந்தது. மௌத்துச் செய்தி அவளுக்குத் தெரியவந்தது, ஊருக்கு வரும் வழியில், விமான நிலையத்தில். ஜனாஸாவுக்கு அவளால் வந்துசேர முடியவில்லை. ஸ்பானியத்தில் இந்தத் தெரிந்திருந்ததும் தெரியவந்ததும் ‘சபேர்’ என்னும் ஒரே வினையின் இரண்டு இறந்தகால வடிவங்கள். முன்னது ‘சபீயா’, பின்னது ‘சுபோ’. பாடநூலில் அட்டவணையாக இருந்த அந்த வேறுபாடு எனக்கு அட்டவணையாகத் தெரியவில்லை.

இருத்தலைக் குறிக்க அம்மொழியில் இரண்டு வினைகள் உள்ளன. ‘செர்’ நிலையான இயல்புக்கு, ‘எஸ்தார்’ மாறும் நிலைக்கு என்று தொடக்க நூல்கள் சொல்லும். அவர் உயரமானவர் என்பது ‘செர்’; களைத்திருக்கிறார் என்பது ‘எஸ்தார்’. ஆனால் இறந்திருப்பதற்கு ‘எஸ்தார்’ என்பதே வழக்கு. “நன்னிமா எஸ்தா முவெர்தா” என்று பேத்தி தன் தோழியிடம் சொன்னதை நான் கேட்டேன். மரணத்தைவிட மாறாத நிலை ஏது என்று கற்போர் வியப்பதுண்டு. ஒரு மாற்றத்தின் விளைவாக வந்த நிலையாதலால் ‘எஸ்தார்’ என்பது இலக்கணிகளின் விடை. அதுவே சரியான விடை. இதைக் கொண்டு ஸ்பானிய இலக்கணம் மறுமைக்குச் சான்று பகர்கிறது என்று யாரேனும் பயானில் சொன்னால் நான் ஒப்பமாட்டேன். ஈமானுக்கு வினைத்திரிபின் துணை வேண்டாம். ஆனாலும் அந்த வாக்கியத்தை ‘செர்’ என்னும் வினையோடு கேட்க நேரவில்லை என்பதில் எனக்கு ஓர் ஆறுதல் இருந்தது.

அதே வாரத்தில் அவள் என்னிடம் நேராகச் சொன்ன வாக்கியம் வேறு. “எச்சோ தே மேனோஸ் ஆ நன்னிமா.” போடு என்று நான் பிடித்துவைத்திருந்த அதே ‘எச்சார்’. ‘மேனோஸ்’ என்றால் குறைவு. குறைவிலிருந்து போடுகிறேன் என்று சொல்லுக்குச் சொல் பார்த்தால் ஒன்றும் தேறாது. தேடிப் பார்த்தபோது, இது உண்மையில் அந்த ‘எச்சார்’ அன்று என்று தெரிந்தது. போர்த்துகேய மொழியில் ‘அஷார் மேனுஸ்’ என்றொரு தொடர் உண்டு. குறைவாகக் காண்கிறேன், இருக்கவேண்டியது இல்லாததைக் காண்கிறேன் என்று பொருள். அத்தொடர் எல்லை கடந்து வந்தபோது அறிமுகமில்லாத ‘அஷார்’ ஒலியொப்புமையால் ‘எச்சார்’ ஆகிவிட்டது. ஆக அதன் பொருள்: நன்னிமா இல்லாத குறையைக் காண்கிறேன்.

ஒருவரின் பிரிவை உணர்வதற்குத் தமிழில் ஒற்றை வினை இல்லை என்று நம் பிள்ளைகள் ஆங்கிலச் சொல்லையே எடுத்துக்கொள்கிறார்கள். நம் வீடுகளில் பெரியவர்கள் சொல்வது என்ன? பெருநாளன்று எல்லோரும் கூடியிருக்கும்போது, “எல்லாம் இருக்கிறது, அவர் இல்லாத குறைதான்” என்பார்கள். போர்த்துகேயத்தின் அதே குறை. நான் பேத்தியிடம் தமிழில் அதையே சொன்னேன். நன்னிமா இல்லாத குறை எனக்கும் இருக்கிறது என்றேன். அவள் கேட்டுக்கொண்டாள். அன்று யாரும் எங்களுக்கிடையே மொழிபெயர்க்கவில்லை.

ஊர் திரும்பிய பின் பாடம் இரு திசையிலும் நடக்கிறது. ஞாயிறுதோறும் நான் ஒரு ஸ்பானிய வினையை அவளிடம் கேட்கிறேன். அவள் ஒரு தமிழ் வினையை என்னிடம் கேட்டு நோட்டில் எழுதிக்கொள்கிறாள். ‘வை’ என்னும் வினைக்கு ஒரு பக்கம் போதவில்லை. மேசையில் வைத்தல், பெயர் வைத்தல், குழம்பு வைத்தல், நோன்பு வைத்தல், நிய்யத் வைத்தல், அன்பு வைத்தல். தமிழில் ஒரு சொல்லுக்கு ஏன் இத்தனை பொருள், இது அநியாயம் என்றாள். ‘எச்சார்’ பட்டியலை அவளுக்குப் படித்துக் காட்டினேன். அதெல்லாம் ஒரே பொருள்தானே என்றாள்.

சென்ற வாரம் ‘பிடி’. பேருந்தைப் பிடி, பந்தைப் பிடி, சளி பிடித்திருக்கிறது, நன்னாவுக்குப் பலாப்பழம் பிடிக்கும் என்று நான்கு எழுதினோம். ஐந்தாவதாகப் பேய் பிடித்தலைச் சேர்க்க நான் முனைந்தபோது, பிள்ளை இராத்திரி தூங்கமாட்டாள் என்று மகள் தடுத்துவிட்டாள். அந்த எண் மட்டும் நோட்டில் காலியாக இருக்கிறது.